செந்திலண்ணே, அந்த பிஸ்கட் டின்ன யாருக்கும் குடுத்துறாத

அண்ணே,

நேத்து அண்ணி ஃபோன் பண்ணப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பரண் மேல கெடக்குறதெல்லாம் இறக்கிட்டு இருக்கோம்னு சொன்னாங்க, கூடவே உங்கண்ணன் ஒரு பிஸ்கட் டின் நெறைய ஒடஞ்ச பொம்மை வச்சுருக்காரு, எதுத்த வீட்டுப் பசங்களுக்கு குடுத்துரலாம்னு இருக்காருன்னு சொன்னாங்க பாரு, அதுக்கப்புறம் அவங்க பேசுன எதுவும் என் காதுல ஏறல. ஃபோன்ல சொன்னா நீ சரி சரின்னு வச்சுருவ, அதான் எழுதுறேன். எல்லாரும் படிக்கிற எடத்துலயே எழுதுறேன், ஏன்னா நம்ம ஜி.ஐ. ஜோ, அந்த அமெரிக்க ராணுவ வீரர் பொம்மைங்க, அது இருக்க டின் மாதிரி இன்னும் எத்தன வீட்டுப் பரண்ல கெடக்கோ.

நீ சின்ன வயசுல அடிக்கடி சொல்லுவ, இது நம்மூர்ல செஞ்சதுடி, ஒரிஜினல் அமெரிக்காவுலதான் இருக்கும்னு. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். அது அப்படி இல்லண்ணே. நம்ம பொம்மைய செஞ்ச ஃபன்ஸ்கூல்ங்கிறது எம்.ஆர்.எஃப்பும், ஜோவ உருவாக்குன அமெரிக்க பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோவும் சேந்து 1987ல ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம கையில இருந்தது ஹாஸ்ப்ரோவோட அச்சுல வார்த்தது, கலர்தான் நம்மூருக்குன்னு வேற. அமெரிக்காவுல அந்த சின்ன சைஸ் ஜோ வரிசைய 1994ல நிறுத்திட்டாங்க, ஆனா நம்மூர்ல அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா செஞ்சு வித்துட்டு இருந்தாங்க. இங்க அமெரிக்காவுல இருக்கவங்களுக்கு கடையில புதுசா கெடைக்காத காலத்துல, டவுன் ஹால் ரோடு கடையில நீயும் நானும் கண்ணாடிய ஒட்டி நின்னு எது வாங்கலாம்னு சண்ட போட்டுட்டு இருந்துருக்கோம்.

இது எனக்குத் தெரிஞ்சது 2018 ஜூன்ல. சாட்டனூகாவுல ஜோகான் நடந்துச்சு, ஜோ பொம்மை சேக்குறவங்க கூடுற மாநாடு, கலெக்டர்ஸ் க்ளப் நடத்துன கடைசி ஜோகான் அதுதான், அட்லாண்டால இருந்து ரெண்டு மணி நேர டிரைவ், தனியாத்தான் போனேன். பையில நான் கல்யாணமாகி வர்றப்ப உன்கிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேனே அந்த பீச்ஹெட் பொம்மை, அத ஒரு கர்ச்சீஃப்ல சுத்தி வச்சுருந்தேன், அப்பவே ரெண்டா கழண்டு கெடந்துச்சு. ஹால்ல நுழைஞ்சதும் எங்க பாக்குறதுன்னே தெரியல, மேஜை மேஜையா கவர் பிரிக்காத கார்டு, ஜிப்லாக் பையில குட்டிக் குட்டித் துப்பாக்கி, முதுகுப் பை, ஹெல்மெட்னு தனித்தனியா, அப்பாவும் பொண்ணுமா ஜோவோட எதிரிக் கூட்டம் கோப்ராவோட டிரெஸ் போட்டுட்டு நடந்து போறாங்க, எங்கயோ ஒருத்தர் ஜோ ஆளுங்க சண்டைக்குப் போறப்ப கத்துற மாதிரி யோ ஜோன்னு கத்துனா ஹாலே திருப்பிக் கத்துது.

ஒரு ஓரத்துல ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல இருக்கும், ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டப்பா நெறைய கறுப்பு ரப்பர் வளையமும் வச்சுட்டு உக்காந்துருந்தாரு. நான் கர்ச்சீஃப பிரிச்சதும் அவர் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டாரு, இந்தியாவுல செஞ்சதான்னு. கலர வச்சே கண்டுபுடிச்சுட்டாரு. ஆமா எங்கண்ணனோடதுன்னேன். ரெண்டு கையாலயும் வாங்குனாருண்ணே. முதுகுல இருக்க அந்த ஒரே ஒரு ஸ்க்ரூவ கழட்டுனாரு, மார்பு ரெண்டு பாதியா தொறந்துச்சு, தலையும் கையும் தனியா வந்துருச்சு, உள்ள நம்ம ரப்பர் வெயில்ல வெந்து தூளாயி ஒட்டிக் கெடந்துச்சு. அத ஊசியால சொரண்டி எடுத்துட்டு புது வளையத்த மேல ஒரு முனையில மாட்டி, கீழ காலோட இருக்க கம்பிக் கொக்கியில இழுத்து மாட்டி, மூடி, ஸ்க்ரூவ முறுக்குனாரு. ரொம்ப இறுக்கல, இறுக்குனா பிளாஸ்டிக் விரியும்னு சொல்லிக்கிட்டே. அஞ்சு நிமிஷம் இருக்காது. இடுப்ப திருப்பிக் காட்டுனாரு, நின்னுச்சு. காசு வேணாம்னுட்டாரு. நீ அம்மாவோட பூக்கட்டுற நூல வச்சு இடுப்புல கட்டுவியே, அதோட தடம் அதுல இன்னும் இருக்கு, அத தொடச்சுறவான்னு கேட்டாரு, வேணாம்னு சொல்லிட்டேன்.

அப்புறம் அந்த கார்டு விஷயம். நமக்கு காமிக்ஸ் எங்க கெடச்சுது, பொம்மை வர்ற அட்டைக்குப் பின்னாடி அந்த ஆளப் பத்தி எழுதிருக்க ஃபைல் கார்டுதான் நமக்கு மொத்தக் கதையும். புள்ளிக் கோட்டுல கத்தரிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வச்சுருப்ப, டிக்ஷனரிய மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா எனக்கு சொல்லுவ. அந்த கார்டுகள்ல பெரும்பாலானத எழுதுனது லாரி ஹாமாண்ணே. வியட்நாம் போர்ல இருந்தவரு, மார்வெல் காமிக்ஸ்ல 1982ல இருந்து 1994 வரைக்கும் வந்த 155 ஜி.ஐ. ஜோ இஷ்யூல கிட்டத்தட்ட எல்லாமே அவர் எழுதுனதுதான். நாம கார்ட வச்சு இவன் கோவக்காரன், இவன் தனியாத்தான் சாப்புடுவான்னு நாமளே கதை கட்டிட்டு இருந்தோம்ல, அவர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஊரு, ஒரு பழக்கம்னு வச்சு எழுதுனதுனாலதான் நம்மால அது முடிஞ்சுது. பொம்மைக்கு இவ்வளவு மரியாதை குடுத்து எழுதுன ஆள் வேற யாரும் இருக்க மாதிரி எனக்குத் தெரியல.

இன்னொண்ணு தெரியுமா, கோப்ராவே ஹாஸ்ப்ரோ யோசிச்சது இல்லையாம். ராணுவ ஆளுங்கள மட்டும் செஞ்சு கொண்டு வந்துருக்காங்க, சரி இவங்க யாரோட சண்ட போடுவாங்கன்னு மார்வெல்காரங்க கேட்டப்பறம்தான் எதிரியே வந்துருக்கு. நம்ம ஜோ படையில முகமூடி போட்ட ஸ்னேக் ஐஸ் முழுக் கறுப்பா இருந்ததும் பெயிண்ட் செலவ மிச்சம் புடிக்கத்தான். நீ அவன் முகத்த காட்டாததுக்கு எத்தன காரணம் சொல்லுவ!

அவன் வர்ற 21வது இஷ்யூவ அங்கதான் வாங்குனேன், 1984ல வந்தது, மொத்தக் கதையிலயும் ஒரு வசனம் கெடையாது, வெறும் படம். போன தடவ அம்மா இங்க வந்தப்ப சும்மா கையில எடுத்தாங்க, கடைசி வரைக்கும் பொரட்டிப் பாத்துட்டு, இவன் காப்பாத்தப் போனா அந்தப் பொண்ணே தப்பிச்சு வந்துட்டாளேன்னாங்க. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாம முழுசாப் படிச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் இங்க அட்லாண்டாவுல நடக்குற, முன்ன ஜோலாண்டான்னு பேரு இருந்த டாய்லாண்டாவுக்கும், ஆகஸ்டாவுல நடக்குற ஜோஃபெஸ்டுக்கும் போறேன், ரெண்டும் இதே மாதிரி பொம்மைக் கூட்டம்தான். யு.எஸ்.எஸ். ஃப்ளாக்னு ஒரு கப்பல், 1985ல வந்தது, ஏழரை அடி நீளம், அத ஒருத்தர் முழுசா மாட்டி மேல ஃப்ளைட்டெல்லாம் நிறுத்தி வச்சுருந்தத பாத்தப்ப நம்ம ரூம்ல கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல இது நுழையுமான்னுதான் மனசுல அளந்தேன். நுழையாது. என்னோட எல்லாரும் நல்லாப் பேசுறாங்க, ஆனா நீ அப்ப எந்த பொம்மைக்கு என்ன பேரு வச்ச, ஃப்ளிண்ட் ஏன் நம்ம வீட்டுல எப்பவும் மாடிப்படியிலயே நின்னான்னு யார்கிட்ட பேசுறது. அவங்கவங்க தம்பி, அண்ணனோட வந்து நின்னு இது உன்னோடது இது என்னோடதுன்னு பேசிட்டு இருக்கறத பாத்தா எனக்கு உன் ஞாபகம்தான்.

பீச்ஹெட் கார்டுல சொந்த ஊரு ஆபர்ன், அலபாமான்னு போட்டுருக்குமே, நீ ஆபுர்னு ஆபுர்னுன்னு படிப்ப. எங்க வீட்டுல இருந்து ஒண்ணே முக்கா மணி நேரம்தான். மாண்ட்கமரி போறப்ப ரோட்டுல அந்த ஊர் போர்டு வரும், ஒவ்வொரு தடவையும் இவர்கிட்ட கார மெதுவா ஓட்டச் சொல்லுவேன்.

அதனால டின்ன யாருக்கும் குடுக்காத, கூரியர்லயும் போடாத. விசா வந்துருச்சுன்னு அண்ணி சொன்னாங்க, ஜூன் மாசமா பாத்து டிக்கெட் போடு, டின்ன நீயே கையோட எடுத்துட்டு வா. கார்டுக் கட்டையும் மறந்துறாத, அந்த ரப்பர் பேண்ட இழுக்காத, இந்நேரம் கார்டுல ஒட்டிருக்கும், நான் மெதுவா எடுக்குறேன். ஸ்க்ரூ டிரைவர் என்கிட்ட இருக்கு. ரப்பர் வளையம் அம்பது வாங்கி வச்சுருக்கேன்.

உன் தங்கச்சி