பத்து மீட்டர் முதலில், ஐம்பது பிறகு

நாகர்கோவில்,
ஆடி மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மைக்கு முட்டு வலி குறைந்து இப்போது கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் சுகம். மூத்தவனுக்குச் சென்னையில் வேலை உறுதியாகிவிட்டது. வீட்டில் இப்போது சத்தமே இல்லை. மழை விடாமல் பிடித்திருக்கிறது, உங்கள் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்றுபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து பிள்ளை ரைஃபிள் பழக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டவர். அவரைப் பற்றியும் அவளுக்குச் சொல். ஹாலுக்குள் சுடுகிற இன்டோர் ரேஞ்சும் வேண்டும், தூரத்துக்குச் சுடுகிற லாங் ரேஞ்சும் வேண்டும், இரண்டும் இருக்கிற கிளப்பாகப் பார்த்துச் சொல் என்கிறாய். என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்று தேடாதே. பதினாலு வயசுப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது வாரத்தில் நாலைந்து நாள் போய் வரக்கூடிய ஒரு நல்ல 10 மீட்டர் ரேஞ்ச். 50 மீட்டர் பிறகு வரட்டும், அது தூரத்தில் இருந்தாலும் பாதகமில்லை.

10 மீட்டர் சின்ன தூரம் என்று நினைத்துவிடாதே. காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் ரைஃபிளில் 10 ரிங், அதாவது டார்கெட்டின் நட்டநடு வட்டம், அரை மில்லிமீட்டர், பேனா முனையை ஒரு தரம் வைத்து எடுத்தால் விழுகிற புள்ளி அளவு. டார்கெட் முழுவதுமே 45.5 மில்லிமீட்டர்தான். நின்றுகொண்டே 75 நிமிஷத்துக்குள் 60 குண்டு சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9 பாயின்ட், மொத்தம் 654. மூச்சு, நிற்கிற நிலை, டிரிகரில் விரலின் அழுத்தம் எல்லாம் இங்கேதான் படிய வேண்டும். இங்கே படியாதது 50 மீட்டரில் போய்ப் படியாது. தக்கலையில் பஸ் ஏறினால் வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று நாகர்கோவில் வந்துவிடலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒன்றரை மணிநேரம் பழகிவிட்டு இருட்டுகிறதற்குள் வீடு திரும்பலாம். இரண்டும் இருக்கிறது என்று தினமும் திருவனந்தபுரம் போய் வருவது பிள்ளைக்கு முடியாது. இரண்டே மாதத்தில் படிப்பும் போகும், ஆசையும் போகும்.

இன்டோர் ரேஞ்ச் பார்க்கப் போகும்போது எலெக்ட்ரானிக் டார்கெட் இருக்கிறதா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இருந்தால் நல்லதுதான், போட்டிகளில் அதில்தான் சுடப்போகிறாள். ஆனால் பேப்பர் டார்கெட் போட்டு மோட்டாரில் இழுக்கிற ரேஞ்சில் பழகினால் ஒன்றும் குறைந்துவிடாது. அதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பார். டார்கெட்டின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் அளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. நிழலோ கண்கூச்சமோ இல்லாமல், ஆளுக்கொன்றாக நின்று சுடுகிற எல்லா லேனிலும் ஒரே மாதிரி விழ வேண்டும். மேற்கே ஜன்னல் உள்ள ஒரு ஹாலை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு வெயில் ஓரத்து இரண்டு லேனில் நேராக அடிக்கும். அங்கே சுடுகிற பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலையைச் சாய்க்கப் பழகியிருந்தார்கள். அது திருத்துவதற்குப் பெரும்பாடு. டார்கெட்டின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்தே பார்த்துவிடு, ஐந்து சென்டிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம். தரை அதிரக் கூடாது. மாடி ஹாலாக இருந்து, கீழே ரோட்டில் பஸ் போகும்போது காலில் அதிர்வு தெரிந்தால் வேண்டாம்.

காற்றோட்டத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை, எனக்கு அதில்தான் மிகவும் கவலை. ஏர் ரைஃபிளில் போடுகிற பெல்லட் என்கிற சின்னக் குண்டு ஈயம். டார்கெட்டுக்குப் பின்னால் இரும்பில் மோதி நசுங்கும்போது ஈயத்தூள் விழும். .22 என்கிற தோட்டா ரைஃபிள் சுடுகிற ஹாலாக இருந்தால் இன்னும் மோசம், தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமரிலும் ஈயம் உண்டு, அது புகையாகவே வரும். காற்று சுடுகிறவர் முதுகுப் பக்கமிருந்து டார்கெட் பக்கம் போய் அந்தக் கோடியில் வெளியேற வேண்டும். பெல்லட் விழுகிற இடத்தை விளக்குமாறு வைத்துப் பெருக்குகிறார்களா, ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்று கவனி. உலர்ந்த தரையைப் பெருக்கினால் தூள் எழும்பிப் பிள்ளைகளின் மூக்குக்குள்தான் போகும். ரேஞ்சுக்குள் முறுக்கும் சாயாவும் நடமாடுகிற இடம் வேண்டாம். கை கழுவ வாசலிலேயே குழாயும் சோப்பும் இருந்தால் அந்த ஆட்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இவை எல்லாவற்றையும்விட, சுடுகிறவர்களுக்குக் கட்டளை கொடுத்துப் பாதுகாப்பைப் பார்க்கிற ரேஞ்ச் ஆபீசர் யார் என்று பார். கட்டிடத்தை நாளைக்கு மாற்றலாம், விளக்கைக் கூட்டலாம், இது மாறாது. நான் போகிற இடத்தில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு லேனும் நிறைந்திருந்த நேரம். மூன்றாவது லேன் பையனின் ரைஃபிளில் பெல்லட் சிக்கிக்கொண்டது. அவன் என்ன என்று கேட்க ரைஃபிளோடு திரும்பினான். குழல் பக்கவாட்டில் பாதி தூரம் வந்திருக்கும். ‘ஸ்டாப்’ என்று ஒரே ஒரு சொல்தான் கேட்டது, கத்தலாகக்கூட இல்லை. எட்டுப் பேரும் ரைஃபிளை மேசையில் வைத்துக் கையை எடுத்துவிட்டார்கள். ஆபீசர் நடந்து வந்து பையனின் தோளைத் தொட்டு அவனை முன்பக்கம் திருப்பி நிறுத்தினார். குழலை டார்கெட் பக்கமே வைத்துப் பெல்லட்டை எடுத்தார். குழலுக்குள் குண்டு இல்லை என்று காட்டுகிற ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாகை அவன் கையாலேயே போடச் சொன்னார். அப்புறம் ஒரு நிமிஷம் அவனிடம் தணிந்த குரலில் பேசினார், யாருக்கும் கேட்கவில்லை. பிறகுதான் மறுபடி ‘ஸ்டார்ட்’. இதை நீ கண்ணால் பார்க்க வேண்டும் மக்கா. கூட்டமுள்ள சாயங்காலம் ஒன்றில் போய்ப் பின்னால் நாற்காலியில் ஒரு மணிநேரம் சும்மா உட்கார். சுடாத ரைஃபிள் எல்லாவற்றிலும் ஃபிளாக் இருக்கிறதா, ஆள் டார்கெட் பக்கம் போகும்போது யாராவது ரைஃபிளைத் தொடுகிறார்களா, கோச் தன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவதை மட்டும் நம்பாதே.

இனி லாங் ரேஞ்ச். விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தால் எத்தனை மீட்டர், எந்த ரைஃபிள் என்று கேள். சில இடத்தில் 25 மீட்டரையே லாங் ரேஞ்ச் என்கிறார்கள், அது பிஸ்டலுக்கான தூரம். ரைஃபிளில் அடுத்த படி 50 மீட்டர், .22 தோட்டா. மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலையிலும் சுட வேண்டும். பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதில்தான், இந்தப் போட்டியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கம் அது. 300 மீட்டரும் உண்டு. நம் நாட்டில் அது பெரும்பாலும் ராணுவ ரேஞ்சுகளில் நடக்கிறது, இப்போதைக்கு அதை மறந்துவிடு.

நம் மாவட்டத்தில் 50 மீட்டர் ரேஞ்சுக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு என்று கேட்டிருந்தாய். நிலம்தான் காரணம். .22 குண்டு தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். பின்னால் உயரமான மண்மேடு வேண்டும், மேலே தடுப்பு வேண்டும், சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. 2011 கணக்குப்படி ஜன நெருக்கத்தில் சென்னைக்கு அடுத்தது நம் கன்னியாகுமரிதான். களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை வீடு இல்லாத இடம் எங்கே இருக்கிறது? பக்கத்தில் என்று பார்த்தால் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்ச். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. 10, 25, 50 மூன்றும் அங்கே உண்டு. 2017 தேசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேதான் நடந்தது. வெளியாட்கள் பழக என்ன நடைமுறை என்பதை நேரில் போய் விசாரித்துக்கொள். குழித்துறையில் ரயில் ஏறினால் போய்விடலாம். பிள்ளையை ஒரு நாள் கூட்டிப்போய் அந்த 50 மீட்டர் ரேஞ்சைக் காட்டு. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பழகுகிற உற்சாகம் இரட்டிப்பாகும்.

50 மீட்டர் ரேஞ்ச் எங்கே பார்த்தாலும் இரண்டு விஷயம் கவனி. ஒன்று திசை. நம் பக்கம் சுடுகிறவர் வடக்கே பார்த்து நிற்பது நல்லது, சூரியன் பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். இரண்டாவது காற்று. 10 மீட்டர் ஹாலுக்குள் காற்று கிடையாது. 50 மீட்டரில் பெரும்பகுதி திறந்த வெளி, மெல்லிய பக்கக் காற்றே குண்டை ஒரு ரிங் தள்ளிவிடும். அதனால்தான் சுடுகிற கோட்டிலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் காற்றுக்கொடி கட்டுகிறார்கள். கொடி இல்லாத 50 மீட்டர் ரேஞ்சில் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்றை நீயும் நானும் சைக்கிளில் எதிர்த்து மிதித்திருக்கிறோம். அது ஒரே சீராக வராது. விட்டு விட்டு வரும், திசையும் கொஞ்சம் புரளும். முப்பந்தல் காற்றாலை சுற்றுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் காற்றைப் படிக்கிற கண் சீக்கிரம் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன் 10 மீட்டரில் கை உறுதிப்பட வேண்டும். இல்லாவிட்டால் குண்டு விலகியது காற்றாலா கையாலா என்று அவளுக்கே தெரியாது.

தங்கச்சி சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை, வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்தால் போதும். .22 அப்படியில்லை. அது 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வரும், 21 வயது நிரம்பாதவருக்கு வழக்கமான உரிமம் கிடையாது. ஆனால் உரிமமுள்ள கிளப்பில், மேற்பார்வையில் பயிற்சி எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் கிளப்பின் உரிமத்தையும், தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைப்பு இருக்கிறதா என்பதையும் காகிதத்தில் காட்டச் சொல். வாய்ச்சொல் போதாது. இணைப்பு இல்லாத இடத்தில் சேர்ந்தால் மாநிலப் போட்டி சமயத்தில் பிள்ளை பெயர் கொடுக்க முடியாமல் நிற்பாள்.

முதல் வருஷம் ரைஃபிள், சுடும்போது போடுகிற ஜாக்கெட் எதையும் வாங்காதே. வளர்கிற வயசு. இன்று தைத்த ஜாக்கெட் அடுத்த ஆடிக்குத் தோளில் பிடிக்கும். கிளப்பில் பொது ஜாக்கெட்டும் சின்ன உடம்புக்கு ஏற்றபடி பின்கட்டையைக் குறைக்கிற ரைஃபிளும் இருக்கிறதா என்று கேள். போட்டி ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம், ஆரம்பத்தில் அவ்வளவு எடை அவள் முதுகுக்கு ஆகாது. காற்று அடைக்கிற சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம் தாண்டியதை அவள் கையில் கொடுக்க விடாதே. 200 பார் அழுத்தம் அதற்குள் இருக்கிறது. நம் ஊரில் உப்புக்காற்று, ஈரம் இரண்டும் உண்டு. கம்ப்ரசரில் ஈரத்தை உறிஞ்சுகிற ஃபில்டர் போட்டிருக்கிறார்களா, ரைஃபிள்களைத் துடைத்து எண்ணெய் போட்டு உலர்ந்த அலமாரியில் வைக்கிறார்களா என்று பார். குழல் வாயில் விரலை வைத்தால் துரு ஒட்டுகிற கிளப்புக்கு மாதச் சந்தா கட்டாதே.

வீட்டிலும் அவள் பழகலாம். குண்டு போடாமல் சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, நின்று, பிடித்து, டிரிகர் மட்டும் இழுக்கிற டிரை ஃபயர். நல்ல சுடுநர்களும் பயிற்சியில் இதை நிறையச் செய்கிறார்கள். ரைஃபிள் வரும்வரை நிற்கிற நிலையை மட்டும் தினமும் இருபது நிமிஷம் பழகட்டும், நான் காட்டித் தருகிறேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இருவருமாக வாருங்கள், நான் போகிற ரேஞ்சைப் பார்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, கூடவே நானும் வருகிறேன். பிள்ளையின் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், இரண்டு போட்டோ எடுத்து வா. செருப்பு வேண்டாம், அடி தட்டையான ஷூ போட்டு வரச் சொல். ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில்தான், தங்கச்சியிடம் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி