ஊட்டி ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு

கண்ணு,

நாலு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, "ஓடுறவங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சீனியர் அக்கா சொன்னதாகப் போனில் சொன்னாய். நிறையப் பேருக்கு நிற்கிறது என்பது நிஜம். அதற்காக அது சரி என்று ஆகிவிடாது. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவளுக்கு மூன்று மாதம் வராவிட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார். 53 கிலோ இருந்தவள் இப்போது 48. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தால் மிச்சம் 38 கிலோ. ஓட்டத்துக்குச் செலவானது போக, இந்த 38-க்கு, கிலோவுக்கு 45 கலோரி வீதம் தினமும் மிஞ்ச வேண்டும், அதாவது 1,700. கிலோவுக்கு மிஞ்சுவது 30 கலோரிக்குக் கீழே போனால் பீரியட்ஸ் தடுமாற ஆரம்பிக்கும். எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமதளத்திலேயே 400 கலோரி போகும், தொட்டபெட்டா ரோட்டு ஏற்றத்தில் இன்னும் கூட. காலையில் இரண்டு இட்லி, ராத்திரி சாதம் இல்லை என்றால் நாள் முழுக்க 1,500-ஐத் தாண்டாது. ஓட்டத்தைக் கழி, 1,100. அதை 38-ஆல் வகு, 29 வரும்.

இப்படி மிச்சம் குறையும்போது மூளை முதலில் கைவைப்பது பீரியட்ஸில்தான். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் விட்டு விட்டு அனுப்பும் சமிக்ஞை மந்தமாகி, சினைப்பை முட்டை விடாமல், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கிவிடும். இதற்கு எலும்பும் தோலுமாக இருக்க வேண்டியதில்லை. பார்க்க நன்றாக இருப்பவளுக்கும் சாப்பாடு பத்தாவிட்டால் நிற்கும்.

எனக்குப் பயம் எலும்பைப் பற்றித்தான். பெண்ணுக்கு 18 வயதுக்குள் எலும்பின் பலத்தில் சுமார் 90 சதவீதம் சேர்ந்துவிடும். உனக்கு 17. சேர வேண்டிய நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் அது பின்னால் முழுசாகச் சேராமலே போகலாம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வா. ஒரே இடத்தில் மட்டும் சுரீர் என்றால் எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். தைலம் தடவிக்கொண்டு ஓடாதே. தொடை இடுக்கில் வலி என்றால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி எக்ஸ்ரேக்குப் போ.

ஊட்டியில் ஒரு தொல்லை, ஸ்வெட்டர் உடம்பு இளைத்ததை மறைத்துவிடும், கை சில்லிட்டால் குளிர் என்று விட்டுவிடுவோம். மத்தியான வெயிலில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றும்போதும் உன் விரல் சில்லென்று இருந்தால் அது ஊர்க் குளிர் இல்லை. ஓடுகிறவர்களுக்கு நாடி மெதுவாகத்தான் இருக்கும் என்பார்கள். ஆனால் பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ வார்டனிடம் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

டாக்டர் முதலில் கர்ப்பம் இருக்கிறதா என்று யூரின் டெஸ்ட் எழுதுவார். கோபப்படாதே, யார் போனாலும் எழுதுவார்கள். பிறகு ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., ஈஸ்ட்ராடியால் என்று ஹார்மோன்கள், ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சினைப்பையைப் பார்க்க ஒரு ஸ்கேன். ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தால் மட்டும் பி.சி.ஓ.டி. என்ற சினைப்பைக் கோளாறு ஆகிவிடாது; எடை குறைந்த பிறகுதான் நின்றது என்பதை நீயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பி.சி.ஓ.டி. என்று நினைத்து "இன்னும் எடையைக் குறை" என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்தைத் தாண்டினால் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் எடுப்பார்கள்.

மெடிக்கலில் கேட்டு "வர வைக்கிற" மாத்திரை வாங்கிப் போடாதே. மாத்திரையை நிறுத்தியதும் ரத்தம் பட்டால் அது மாத்திரையால் வந்தது. உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. கருத்தடை மாத்திரையிலும் இதே கதைதான், எலும்பையும் அது காப்பாற்றாது.

மருந்து சாப்பாடுதான். இப்போதைக்கு தினமும் 300 முதல் 500 கலோரியாவது கூட்டு. ஓடும் முன் ஒரு வாழைப்பழம், 100. முடித்து அரை மணிக்குள் 200 மில்லி பாலும் இரண்டு முட்டையும், 280. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 170. ராத்திரி சாதம் திரும்ப வரட்டும். ராகிக் களி கிடைக்கும் நாளில் விடாதே. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அந்த 200 மில்லி பாலில் சுமார் 240. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. வர்க்கி தின்னு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டீயும் வர்க்கியும் ராத்திரிச் சாப்பாடு ஆகாது.

தட்டைப் பார்த்தாலே பயமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது, திட்டமாட்டேன்.

கோச்சிடம் நான் பேசுகிறேன். ஏற்ற ஓட்டமும், வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெலும் இப்போது வேண்டாம், தூரம் பாதி, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. எடை குறைந்தால் டைமிங் குறையும் என்பது கொஞ்ச நாளைக்குத்தான் பலிக்கும். பிறகு காயம்தான் வரும். பீரியட்ஸ் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. இரண்டு வாரம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கலையே" என்று விட்டுவிடாதே.

சனிக்கிழமை காலையில் வந்துவிடுகிறேன். கடைசி மூன்று முறை வந்த தேதி, மாதாமாதம் இருந்த எடை, போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வை. புரோட்டீன் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொள். அன்றைக்குக் காலையில் ஓட வேண்டாம். ஓடிவிட்டு ரத்தம் கொடுத்தால் புரோலாக்டின் கூடுதலாகக் காட்டும்.

அம்மா