காப்பகக் கதவைப் பகலிலும் திறந்து வைக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
இரவுக் காப்பகத் தன்னார்வலர்கள்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், மாநகராட்சி

பொருள்: மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் வீடற்றவர்கள் உடம்பு தேறும்வரை பகலிலும் தங்க இடம் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள இரவுக் காப்பகம் தாங்கள் அறிந்ததே. திறப்பு விழாவில் தாங்களே கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். அந்தக் கட்டில்கள் இன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. காலை 6 மணிக்கு எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டி விடுகிறார்கள், மாலை 7 மணிக்குத்தான் திறக்கிறார்கள். விதி அப்படி என்கிறார் காவலாளி. அவரைக் குறை சொல்ல மாட்டோம். எங்கள் குறைகளைக் கீழே பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. உடம்பு நன்றாக இருப்பவர் பகலில் வேலைக்குப் போவார், அவருக்கு இந்த நேரம் சரி. நோயாளி எங்கே போவார்?

2. மருத்துவமனையில் படுக்கை தட்டுப்பாடு என்பதால் காய்ச்சல் இறங்கியதும் அனுப்பி விடுகிறார்கள். "வீட்டில் ஓய்வெடுக்கவும்" என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். வீடே இல்லாதவருக்கு!

3. ஐயா, இதைத் தயவுசெய்து முழுவதுமாகப் படியுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்த பெரியவர் ஒருவர் எங்கள் காப்பகத்துக்கு வந்தார். இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது, கட்டு நனையக் கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும் என்று சீட்டில் இருந்தது. அந்தச் சீட்டை நான்காக மடித்து, மாத்திரையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையை இடுப்பில் கட்டியிருந்தார். காலை 6 மணிக்கு அவரும் வெளியே போக வேண்டும். ஒரு செருப்பும் ஒரு சாக்குத்துணியுமாக மேம்பாலம் வரை நடப்பார், அங்கிருந்து நிழல் போகும் பக்கமெல்லாம் நகர்ந்துகொண்டே இருப்பார். சர்க்கரை முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்து விடும், புண் பெரிதாவது அவர்களுக்கே தெரியாது. மாலையில் கட்டைப் பிரித்தால் உள்ளே மணல். நாங்கள் கழுவிக் கட்டி விடுவோம், மறுநாள் மறுபடியும் மணல். பதினெட்டாவது நாள் நாற்றம் வந்தது. அப்புறம் அதே மருத்துவமனை, அதே வார்டு. இந்த முறை முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டார்கள். காப்பகத்தில் முப்பது கட்டில்கள் நாள் முழுக்கக் காலியாகக் கிடந்தன, ஐயா. பூட்டிய கதவுக்கு உள்ளே!

4. காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் நின்றால் அந்த மருந்துக்கே கட்டுப்படாத நோயாக மாறக்கூடும். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொள்ளப் பூட்டுள்ள ஒரு பெட்டி கிடைக்கவில்லை. தெருவில் தூங்குபவரின் பையை யாராவது எடுத்துப் போவது வாரம் ஒரு முறை நடக்கிறது. இன்சுலின் கதை இன்னும் மோசம். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், திறந்ததுகூட நான்கு வாரம்தான் தாங்கும், அதுவும் வெயில் படாமல் இருந்தால்.

5. முகவரி இல்லாததால் அடையாள அட்டை இல்லை, அதனால் வங்கிக் கணக்கு இல்லை, அதனால் நிரந்தர வேலை இல்லை. காப்பக முகவரியில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

6. "இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் திருந்த மாட்டார்கள்" என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எங்களில் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண்ணை ஐந்து வாரம் பகலில் படுக்க வைத்தார், அவ்வளவுதான் செய்தார். புண் ஆறியது. இப்போது அந்தப் பெண் தையல் வேலை பார்த்து, இன்னும் இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். திருந்த என்ன இருக்கிறது, படுக்க இடம்தானே இல்லாமல் இருந்தது? பின்லாந்து நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து, வீடற்றவர்களுக்கு முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற உதவிகளைத் தொடங்குகிறார்கள். நாங்கள் வீடு கேட்கவில்லை. பூட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். இதற்கு எத்தனை கோப்பு, எத்தனை கையெழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள், நாங்களே தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

7. கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஆகவே ஐயா அவர்கள், முப்பது கட்டில்களில் ஆறை மட்டுமாவது நோயாளிகளுக்கென ஒதுக்கி, பகலிலும் அவர்கள் அங்கேயே இருக்க ஆணையிட வேண்டுகிறோம். வாரம் மூன்று நாள் ஒரு செவிலியர் வந்து கட்டு மாற்றவும், மருந்து வைக்கப் பூட்டுள்ள பெட்டிகளும் சிறு குளிர்பதனப் பெட்டியும் தரவும் வேண்டுகிறோம். பகல் நேரக் காவலுக்கு ஆள் இல்லையென்றால் நாங்கள் முறை வைத்து உட்காருகிறோம். மற்றவை மெதுவாக வரட்டும். கதவை மட்டும் இந்த வாரமே திறக்கச் சொல்லுங்கள், ஐயா. அந்தப் பெரியவரை வரும் வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து மறுபடியும் வெளியே அனுப்பப் போகிறார்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்கு அவர் எங்கே போவார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
காப்பகத் தன்னார்வலர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் – 2. "வீட்டில் ஓய்வெடுக்கவும்" என்று எழுதிய சீட்டின் நகல் – 1 (பெயர் மறைக்கப்பட்டது).