‘டர்ன் ஹிம் ஓவர்’: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்டாய். பாதி காதில் விழும், மீதி டப்ளின் பஸ்ஸில் மறந்துபோகும். வாட்ஸ்அப்பில் நான் எழுதும் நீளச் செய்திகளுக்குக் கட்டைவிரல் மட்டும்தான் பதிலாக வருகிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

வார்டில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க நீ ‘ஹெல்ப் மீ டர்ன் ஓவர் ஹிம்’ என்றாய். சீனியர் சிஸ்டர் அதையே ‘டர்ன் ஹிம் ஓவர்’ என்று திருப்பிச் சொன்னார். சரி, ‘ஹிம்’, ‘ஹர்’ மாதிரி புரோநவுனை நடுவில் வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று மறுநாள் ‘ஐ வில் லுக் ஹர் ஆஃப்டர்’ என்றாய். அதற்குச் சிரித்தார்கள். ‘கடைசியில வச்சாலும் தப்பு, நடுவுல வச்சாலும் தப்பு, என்னதாம்மா பண்றது?’ என்று கேட்டாயே, நியாயமான கோபம். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு இப்படிக் குட்டிச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றுவதுதான் அயல்நாட்டாருக்குப் பெரிய கஷ்டம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். உன்னை நினைத்தே எழுதியதாக வைத்துக்கொள்.

இப்படி வினையும் குட்டிச் சொல்லும் சேர்ந்ததைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். நம்ம ஊர்ப் பாடத்தில் அதை எப்படிச் சொல்லித்தருகிறோம்? புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன், கிவ் அப் என்றால் ஸ்டாப், பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக. மார்க் வந்துவிடும். ‘அவனை’, ‘அதை’ எல்லாம் எங்கே உட்காரும் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை.

அதோடு, இந்தச் சொற்கள் தமிழுக்குள் வந்த விதமும் இருக்கிறது. ‘பஸ் ஸ்டாண்டுல பிக்கப் பண்ணிக்கிறேன்’, ‘மோட்டாரை சுவிட்ச் ஆஃப் பண்ணு’, மாஸ்டர் செக்கப், கல்யாண மேக்கப், எல்லாமே ஒட்டிய கவர் மாதிரி வந்து சேர்ந்தவை. நாம் அதைப் பிரிப்பதே இல்லை. பின்னால் ஒரு ‘பண்ணு’ போடுகிறோம், ‘அவளை’யோ ‘அதை’யோ முன்னால் வைக்கிறோம், வேலை முடிந்தது. நம் சொந்த வினைகளும் அப்படித்தான். ‘அதைக் கண்டுபிடி’ என்போம். ‘கண்டு அதைப் பிடி’ என்றால் ஏதோ ஓடுவதைத் துரத்தச் சொல்வது போலாகிவிடும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசப் போகிறவர் ‘ஐ வில் பிக்கப் யூ’ என்றுதான் ஆரம்பிப்பார். பிக், அப் என்று அது இரண்டு சொல் என்பதே நம் நாக்குக்குத் தெரியாது.

உன் வேலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது ‘ஹேண்ட்ஓவர்’ என்கிறீர்களே, அது பெயர்ச்சொல். ஒரே சொல், அழுத்தம் முதலில், ‘ஹேண்ட்’டின் மேல். சாவியைக் கொடுக்கும்போது ‘ஹேண்ட் இட் ஓவர்’. இது வினை, இரண்டு சொல், அழுத்தம் ‘ஓவர்’ மேல். நடுவில் வாசல் திறந்திருக்கிறது, ‘இட்’ அதற்குள் போகிறது. முழுப் பெயரைச் சொன்னால் எங்கே வைத்தாலும் சரி. ‘ஹேண்ட் ஓவர் த கீஸ்’, ‘ஹேண்ட் த கீஸ் ஓவர்’ இரண்டும் பேசுகிறார்கள். பெயர் நீண்டுவிட்டால், உதாரணமாக நேற்று ராத்திரி டாக்டர் சொன்னது அத்தனையும் என்று வந்தால், ‘ரைட் டவுன்’ என்று முடித்துக்கொண்டு அந்த நீளத்தைக் கடைசியில் வைப்பதுதான் காதுக்கு இதம். ஆனால் இட், ஹிம், ஹர், தெம், மீ, அஸ் வந்தால் நடுவில்தான். ‘வேக் ஹிம் அப்’, ‘டேக் தெம் ஆஃப்’, ‘ரைட் இட் டவுன்’.

ஏன் என்று நீ கேட்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் கனமான இடம். புதிதாகச் சொல்ல வந்த செய்தி அங்கே வரும், குரலும் அங்கே ஏறும். ‘ஹிம்’ என்றால் யார் என்று பேசுகிற இருவருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரிந்த ஆளுக்கு எதற்கு அந்த இடம்? அதனால் நடுவில், அழுத்தமில்லாமல், பாதி விழுங்கி, ‘டர்ன்-இம்-ஓவர்’ என்று போய்விடுகிறது. அவர்கள் பேச்சு வேகமாக இருக்கிறது என்கிறாயே, அதில் பாதி இந்த விழுங்கல்தான்.

இனி ‘லுக் ஆஃப்டர் ஹர்’. இங்கே ஆஃப்டர் என்பது வினையின் வால் இல்லை, ப்ரெபோசிஷன். தன் ஆளைத் தனக்குப் பின்னால்தான் வைத்துக்கொள்ளும். ‘வெயிட் ஃபார் ஹர்’, ‘லுக் அட் இட்’, ‘லிசன் டு தெம்’ எல்லாம் இந்தச் சாதி. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க வகுப்பில் ஒரு வழி சொல்வேன். மொட்டை மாடியிலிருந்து கீழே நிற்பவளிடம் கத்துவது போலச் சொல்லிப் பார். ‘பிக் இட் அப்’ என்றால் ‘அப்’தான் தெருவுக்குக் கேட்கும். ‘வெயிட் ஃபார் ஹர்’ என்றால் ‘வெயிட்’ கேட்கும், ‘ஃபார்’ அமுங்கிவிடும். அமுங்கினால் ப்ரெபோசிஷன், புரோநவுன் கடைசியில். ‘ஆஃப்டர்’ மாதிரி நீளமான ப்ரெபோசிஷன்களிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. லுக் ஆஃப்டரை மனப்பாடம் பண்ணிக்கொள். நர்ஸுக்கு தினம் நூறு தடவை வருகிற சொல், தானாகப் படிந்துவிடும்.

சந்தேகம் வந்தால், கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அல்லது லாங்மன் அகராதியைப் பார். நடுவில் வைக்கக்கூடிய வினைகளுக்கு இருபக்கமும் முனையுள்ள ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பொருளைப் படிக்கிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ஒரே சொற்கள் இரண்டு வேஷம் போடும்போதுதான் சுவாரசியம். நோயாளியின் சார்ட்டை ‘லுக் இட் ஓவர்’ என்றால் மேலோட்டமாக ஒருமுறை பார்ப்பது. ஒரு தடுப்பு இருந்து அதற்கு மேலாக எட்டிப் பார்த்தால் ‘லுக் ஓவர் இட்’. துக்கத்திலிருந்து மீள்வது ‘கெட் ஓவர் இட்’. ஊசிக்குப் பயப்படுகிற தாத்தா ‘கெட் இட் ஓவர் வித்’ என்பார், சீக்கிரம் போட்டுத் தொலை என்று. கேட்கிறவர்கள் உன் ‘இட்’ நிற்கிற இடத்தை வைத்துத்தான் எது என்று முடிவு செய்வார்கள்.

மூன்று சொல் சேர்ந்து வந்தால் பயப்படாதே, அது இன்னும் எளிது. தாத்தாவின் ‘கெட் இட் ஓவர் வித்’ மாதிரி விதிவிலக்குகளை விட்டால், கடைசியில் நிற்பது ப்ரெபோசிஷன், அதனால் புரோநவுன் அதற்குப் பின்னால். ‘புட் அப் வித் ஹிம்’, கையுறை தீர்ந்தால் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் தெம்’. ஆளும் பொருளும் சேர்ந்து வந்தால் இரண்டு விதியும் ஒரே வரியில் வேலை செய்யும். மானிட்டரில் அவரை இணைக்கச் சொன்னால் ‘ஹுக் ஹிம் அப் டு இட்’. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாட்டியைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தால் ‘ஐ டாக்ட் ஹர் இன்டு இட்’. என்ன அழகான வரி! என்னைக் கேட்டால் இலக்கணப் புத்தகத்தை விட உங்கள் வார்டில் ஒரு ராத்திரி நின்றால் போதும்.

பக்கத்து வீட்டு சொல்தா தாத்தாவிடம், அதான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், உன் சங்கடத்தைச் சொன்னேன். ‘அதுக்குத்தான் பிரெஞ்சு படிக்கச் சொன்னேன்’ என்று மீசையைத் தடவிக்கொண்டார். ‘ஜெ லெ வ்வா’, சொல்லுக்குச் சொல் நான், அவனை, பார்க்கிறேன். தமிழ் மாதிரியே வருகிறது பார், பாஷைன்னா இதுதான் என்கிறார். பிரெஞ்சிலும் ஆணை வாக்கியத்தில் ‘லெ’ வினைக்குப் பின்னால் ஓடிவிடும் என்று எனக்குத் தெரியும். பென்ஷன் வாங்கிய சந்தோஷத்தில் இருந்தார், சொல்லவில்லை.

இப்போதைக்கு உன் ஷிஃப்டில் அதிகம் வருகிற ஏழெட்டு வினையை மட்டும் எடுத்துக்கொள். ‘டர்ன் ஓவர்’ என்று தனியாக எழுதி வைக்காதே, ‘டர்ன் ஹிம் ஓவர்’ என்று ஆளோடு சேர்த்தே எழுது. பேசும்போது தவறி ‘டர்ன் ஓவர் ஹிம்’ என்று வந்துவிட்டால் நின்று திருத்திக்கொண்டிருக்காதே. அவர்களுக்குப் புரியும், நோயாளி உன் கையில் இருக்கிறார்.

அப்பா இன்னமும் ‘சுவிட்ச் ஆஃப் இட்’ என்றுதான் டிவியைப் பார்த்துக் கத்துகிறார். அவரைத் திருத்தும் உத்தேசம் எனக்கில்லை. புதன்கிழமை நைட் டியூட்டி முடிந்ததும் போன் பண்ணு. ஹேண்ட்ஓவரில் என்ன சொன்னாய் என்று ஆங்கிலத்திலேயே எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா