குதிக்காமல் நின்ற பிள்ளைக்கு

அன்புள்ள பாப்பா,

அப்பா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்க்கிறார் என்று அம்மா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். சொன்னது சரிதான். பொங்கலுக்கு வந்தபோது டிவியில் உன் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே கிளம்பிப் போய்விட்டாய். மறுநாள் செய்தி பார்க்கலாம் என்று போட்டேன். நீ பாதியில் விட்டிருந்த தொடர் முன்னால் வந்து நின்றது. நெட்டுக்கு மேலே விரித்த இரண்டு கை. அதைப் பார்த்துவிட்டு என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

தொடர் பெயர் 'ஹைக்யூ'. அப்படியென்றாலே ஜப்பான் மொழியில் வாலிபால்தானாம். மூன்று வாரத்தில் மூன்று சீசன் முடித்துவிட்டேன். சப்டைட்டில் வேகமாக ஓடுகிறது, நிறுத்தி நிறுத்தித்தான் படிக்கிறேன். எல்லோரும் அந்தக் குட்டைப் பையன் ஹினாதாவைத்தான் பிடிக்கும் என்பார்கள் போலிருக்கிறது. எனக்கு முதல் நாளிலிருந்தே கண் போனது அந்தக் கண்ணாடிக்காரன் மேலேதான். கராசுனோ பள்ளியின் பதினோராம் நம்பர், ட்சுகிஷிமா கெய். நெட்டுக்கு மேலே கை நீட்டி எதிராளி அடியைத் தடுக்கிற பிளாக்கர், நடுவில் நிற்பவன். முதல் வருஷம் சேரும்போதே 188 சென்டிமீட்டர். எதற்கும் ஓடி வருவதில்லை. மற்றவர்கள் கூடுதலாகப் பயிற்சி செய்ய நிற்கும்போது இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். "வெறும் கிளப் விளையாட்டுதானே, இதுக்குப் போய்" என்பதுதான் அவன் பேச்சு.

அந்த முகத்தை நான் நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், பாப்பா. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்த அந்த மண்டலப் போட்டி ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? எதிர் டீமில் நடுவில் ஒரு பெண், நெட்டை ஒட்டித் தாழ்வாகக் கொடுத்துச் சட்டென்று அடிக்கிற ஷார்ட் பாலுக்குக் குதிக்கிற மாதிரியே குதித்துக்கொண்டிருந்தாள். "குதி! குதி!" என்று பி.டி. சார் கத்தினார். நீ குதிக்கவில்லை. கையைத் தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு சும்மா நின்றாய். நானும் கம்பிக்கு வெளியே நின்று கத்தினேன். ஆட்டம் தோற்றது. மற்ற பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதார்கள். நீ ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாரு. உனக்கு எதுலயுமே பிடிப்பு கிடையாது." நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நாலு நாள் நான் உன்னிடம் பேசவில்லை.

இந்தத் தொடரில் அவர்கள் பிளாக்கைப் பற்றி விளக்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். எங்கள் காலத்தில் பிளாக் என்றால் ஒன்றுதான். அடிக்கிறவன் எழும்பினால் நீயும் எழும்பு. அதற்கு கமிட் பிளாக் என்று பெயராம். இன்னொன்று ரீட் பிளாக். யார் குதித்தாலும் அசையக்கூடாது. அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் கையை விட்டு அது கிளம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். எங்கே போகிறது என்று கண்ணால் கண்டபிறகுதான் கால் எடுக்க வேண்டும். வேகமான ஷார்ட் பாலுக்குக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ஏமாற்றுக் குதிப்பு இவனிடம் எடுபடாது. ட்சுகிஷிமா ஆடுவது இதைத்தான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, ஆட்டம் நடக்கும்போது ஒருத்தன் மரம் மாதிரி நிற்கிறான் என்றுதான் தோன்றும்.

டிவியை அணைத்துவிட்டு அந்த ஃபைனலை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நடுவில் அந்தப் பெண் சும்மா குதிக்கிறாள், நீ நிற்கிறாய். பந்து இடது ஓரத்துக்குப் போகிறது. இரண்டே எட்டு, நீ அங்கே இருக்கிறாய். உன் விரல் நுனியில் பட்டுப் பந்து வேகம் குறைந்து பின்னால் விழுகிறது, பின்னால் நிற்கிற பிள்ளை எடுத்துவிடுகிறாள். இது எத்தனை தடவை நடந்தது! நீ எழும்பாத தடவைகளை மட்டும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உன் கண் மட்டும் செட்டர் கையை விட்டு நகராமல் இருந்ததைக் கம்பிக்கு வெளியே நின்ற ஒருவரும் பார்க்கவில்லை. இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உன் சாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நீயே கண்டுபிடித்தாயா?

சரி, அது ஆட்டத்தைப் பற்றியது. இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம்.

ட்சுகிஷிமாவுக்கு அகிதெரு என்று ஓர் அண்ணன் உண்டல்லவா. சின்ன வயதில் இவனுக்கு அண்ணன்தான் எல்லாம். அண்ணன் கராசுனோவில் சேர்கிறான். டீமில் முக்கியமான ஆட்டக்காரன் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறான். தம்பி பள்ளி முழுக்கப் பெருமை பேசுகிறான். அப்படி ஒருத்தன் அந்த டீமில் ஆடுவதே இல்லையே என்று வேறு பையன்கள் சொல்லும்போதும் நம்ப மறுக்கிறான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நண்பன் யமகுச்சியைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகிறான். கோர்ட்டில் அண்ணனைத் தேடுகிறான். அண்ணன் மேலே காலரியில், கைதட்டிக் குரல் கொடுக்கிற கூட்டத்தோடு நிற்கிறான். இரண்டு பேர் கண்ணும் சந்திக்கிறது.

அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அம்மா "என்னாச்சு" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிற அந்தக் கருப்பு வெள்ளை ஃபோட்டோ. மாவட்ட டீம், கோப்பையோடு. வலது ஓரத்தில் நான். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து கேட்டாய்: "எல்லாரும் டிராயர் போட்டிருக்காங்க, நீங்க மட்டும் ஏன்ப்பா பேண்ட்டு?" மழை பெய்து என் ஜெர்சி நனைந்துவிட்டது, மாற்றிக்கொண்டேன் என்று சொன்னேன். நீ ஃபோட்டோவை மறுபடி உற்றுப் பார்த்தாய். மற்ற பன்னிரண்டு பேர் ஜெர்சியும் காய்ந்து கிடந்ததை நீ பார்த்திருப்பாய். "சரிப்பா" என்றாய். போய் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டாய்.

மழை பெய்யவில்லை, பாப்பா. அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் என் பெயர் இல்லை. நான்கு வருஷம் விடியற்காலை எழுந்து ஓடினேன், செலக்‌ஷனில் எடுக்கவில்லை. விட்டுவர மனசில்லாமல் கூடவே போனேன். நெட் கட்டினேன், சுண்ணாம்புக் கோடு போட்டேன், ஸ்கோர் எழுதினேன், பந்துக்குக் காற்றடித்தேன். ஃபோட்டோ எடுக்கும்போது "நீயும் வாடா" என்று கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ "மாவட்டத்துக்கு ஆடினவர்" என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அது அப்படியே நின்றுவிட்டது. அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன்.

நீ பந்தைத் தொடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டுதான் தொட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது. உயிரைக் கொடுத்துப் பாடுபட்ட ஒரு மனுஷன் கடைசியில் சொந்தப் பிள்ளையிடமே பொய் சொல்கிறான். அதைப் பார்த்த பிள்ளை, நாம் இதில் ரொம்ப இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தால் அதை நான் எப்படிக் குற்றம் சொல்ல? ட்சுகிஷிமாவும் அப்படித்தான் நிற்கிறான். அண்ணன் மேல் கோபம் கொஞ்சம். அவ்வளவு பாடுபட்டால் அவ்வளவு வலிக்கும் என்ற பயம்தான் அதிகம். பாதி மனசோடு ஆடினால், தோற்றாலும் பாதிதானே வலிக்கும்.

அவன் எப்படி மாறினான் என்று கேட்டால் பார்க்கிறவர்கள் எல்லோரும் டோக்கியோ பயிற்சி முகாமில் வருகிற வேறு பள்ளி ஆட்டக்காரன் போகுதோவைத்தான் சொல்வார்கள். வாலிபால் பிடிக்கிறதா என்று போகுதோ கேட்க, பெரிதாக ஒன்றுமில்லை என்று இவன் சொல்ல, நீ இன்னும் நன்றாக ஆடவில்லை, அதனால்தான் என்கிறான் அவன். "அந்த ஒரு நொடி" வரும், வந்தால் விடாது என்கிறான். அழகான பேச்சுதான். ஆனால் கதவைத் திறந்தது யமகுச்சி என்றுதான் நான் சொல்வேன். முகாமில் இருட்டில் ஓடி வந்து சட்டையைப் பிடித்து, தன்மானத்தைத் தவிர வேறென்ன காரணம் வேண்டும் என்று கத்துகிறானே, அவன். சின்ன வயதிலிருந்து பின்னாலேயே வந்து "ட்சுக்கி, ட்சுக்கி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். உனக்கு அறிவில்லையா, அக்கறையில்லையா என்று அவன் திட்டவில்லை. நீ எனக்கு எப்போதும் பெரியவனாகத் தெரிந்தாய், ஏன் இப்படிச் சுருங்கிப் போனாய் என்கிற ஆற்றாமை அவனுக்கு. நான் பஸ்ஸில் உன்னிடம் பேசியதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

ஷிராடோரிசாவா பள்ளியோடு ஆடுகிற மேட்சை மட்டும் நான்கு தடவை பார்த்துவிட்டேன். மியாகி மாகாண ஃபைனல். 2016-ல் வந்த மூன்றாவது சீசனின் பத்து எபிசோடும் இந்த ஓர் ஆட்டத்தைச் சுற்றித்தான். எதிரே உஷிஜிமா, இடது கைக்காரன், நாட்டிலேயே பெயர் வாங்கிய ஏஸ், அதாவது டீமின் முக்கிய அடிக்காரன். அவன் அடியைக் கையால் தடுப்பது மதில் சுவரைத் தள்ளுகிற மாதிரி. ட்சுகிஷிமா தடுக்க முயலாமல் வழியை அடைக்கிறான். ஒரு பக்கத்தை மூடிவிட்டு இன்னொரு பக்கத்தைத் திறந்து வைக்கிறான், அங்கே பின்னால் பந்தை எடுக்க அவன் டீம் நிஷினோயா காத்திருக்கிறான். பந்தை எடுத்தவனுக்குத்தான் கைதட்டல். வழி காட்டிய கைக்கு யாரும் தட்டுவதில்லை.

இரண்டாவது செட் இருபத்தைந்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போகிறது. இவன் ஒவ்வொரு பந்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் செட்டர் ஷிராபுவை நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். விரலில் படுகிறது, வேகம் குறைகிறது, மறுபடியும் படுகிறது. கடைசியில் ஷிராபு கொடுக்கிற பந்தில் ஒரு நூல் அவசரம். அந்த ஒரு நூலுக்காகத்தான் இவன் செட் முழுக்கக் காத்திருக்கிறான். எழும்புகிறான். உஷிஜிமாவின் அடி நேராகக் கீழே, அவன் பக்கத்துத் தரையில். முஷ்டியை மடக்கிக்கொண்டு இவன் கத்துகிறான் பாரு, அதுவரை அந்தப் பையன் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. காலரியில் தம்பிக்குத் தெரியாமல் வந்திருக்கிறான் அண்ணன் அகிதெரு.

எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு ஐந்தாவது செட்டில் விரலில் அடிபட்டு வெளியே போகும்போது அவன் முகத்தைப் பார்த்து இன்னும் அதிகமாக வந்தது. ஆரம்பத்தில் எதற்கும் கவலைப்படாத பையன், வெளியே போக வேண்டியிருக்கிறதே என்று துடிக்கிறான். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து நிற்கிறான்.

தம்பி மகன் சொன்னான், கதை 2020-ல் முடிந்துவிட்டது, முடிவில் ட்சுகிஷிமா செண்டாய் மியூசியத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டாம் டிவிஷன் டீமில் ஆடுகிறான் என்று. கேட்டதும் ரொம்ப நிம்மதியாக இருந்தது. நாட்டுக்கு ஆடுகிறவன் ஆகவில்லை, ஆட்டத்தை விட்டு ஓடிப்போகவும் இல்லை. பகலில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு நெட்.

நீ காலேஜில் சேர்ந்ததும் ஆட்டத்தை விட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, பிடிப்பில்லாதவள் விட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இனிமேல் ஆடு என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஊரில் ஆபீஸ் முடிந்து வீடு வரவே உனக்கு எட்டு மணி ஆகிறது என்று தெரியும். பஸ்ஸில் நான் சொன்ன அந்த வார்த்தை தப்பு. அதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த ஃபோட்டோ விஷயத்தையும் உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு "சரிப்பா" என்று சொன்னாயே, அப்போதே தெரியுமா? விருப்பமிருந்தால் பதில் எழுது.

ஃபோட்டோவை இறக்கிவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றாள். இருக்கிறது.

பரணில் உன்னுடைய முழங்கால் பட்டையும் பந்தும் கிடைத்தன. எதிர்வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறான், பந்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். காற்று முழுக்க இறங்கிப் போயிருக்கிறது. பம்ப் இருக்கிறது, ஊசியைக் காணோம். மேஜை டிராயரில் பார்த்தேன், உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலும் பார்த்தேன். எங்கே வைத்தாய் என்று சொல், நானே அடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா