பனிச்சங்கிலி வாங்க டயரின் அளவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் சொந்தக் காரிலேயே மணாலிக்கும் காஷ்மீருக்கும் போய்வர விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் அதில், டயரின் அளவைப் பார்த்து அதற்குரிய பனிச்சங்கிலியை (பனியில் சறுக்காமலிருக்க டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலி) வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். சாதாரணச் சிறிய கார்களுக்கு அந்த அறிவுரை ஓரளவு சரி. தாழ்வான உடலும் அகலமான டயரும் கொண்ட ஸ்போர்ட்ஸ் ரகக் கார்களுக்கு அதை நம்பிப் புறப்பட்டால் ஆபத்து என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் டயர் கடையும் வீல் அலைன்மென்ட்டும் நடத்திவருகிறேன். சித்தூர், வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர்கள் சேலத்தில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீநகர்வரை ஓட்டிச் செல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. புறப்படுமுன் டயர் பார்க்க வரும்போது சங்கிலியைப் பற்றியும் கேட்கிறார்கள். மூணாற்றில் ஜனவரி மாதம் புல்லின்மேல் படியும் உறைபனியே நாம் அறிந்த பனி என்பதால், இப்பகுதியில் யாரும் பனிச்சங்கிலியை வாங்கி அடுக்கி விற்பதில்லை. (இரும்புக் கடையில் சங்கிலி கேட்டால் யானைக்கா என்று திருப்பிக் கேட்கும் ஊர் எங்களுடையது.) ஆகவே எல்லோரும் இணையத்தில்தான் வாங்குகிறார்கள். அங்கே கேட்கப்படும் ஒரே கேள்வி டயரின் அளவு.

டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர் 17 என்றிருந்தால், அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு, அதாவது சுமார் 101 மி.மீ., ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்று பொருள். சங்கிலிப் பெட்டியின் மேலுள்ள பட்டியலில் இந்த எண் இடம்பெற்றிருந்தால், அந்த டயரைச் சுற்றிக் கட்டச் சங்கிலியின் நீளம் சரியாக இருக்கும் என்று மட்டுமே கொள்ள வேண்டும். கட்டிய சங்கிலி எதிலும் உரசாமல் சுழல இடமிருக்கிறதா என்பதைப் பெட்டி சொல்லாது, சொல்லவும் இயலாது. ஒரே அளவு டயர் பல கார்களில் வருகிறது, இடைவெளியோ காருக்குக் கார் மாறுகிறது.

முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி வைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் இது விளங்கும். டயரின் உட்சுவரை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங் உட்காரும் தட்டும் நிற்கும். அவற்றை ஒட்டியே பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் ஹோஸும் ஏபிஎஸ் சென்சாரின் ஒயரும் போகும். இரண்டு பென்சில்களைச் சேர்த்துப் பிடித்து அந்தத் தட்டுக்கும் டயருக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள் என்றுதான் கடைக்கு வருவோரிடம் சொல்வேன். ஒரு பென்சில் ஏறத்தாழ 7 மி.மீ. பருமன். இடைவெளி குறைந்த கார்களுக்கென்று அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்துள்ள 'எஸ்' வகுப்புச் சங்கிலிக்கே பக்கச்சுவர் ஓரம் 15 மி.மீ., டயரின் மேல்முகத்தில் (சாலையில் பதியும் பகுதியில்) 37 மி.மீ. இடைவெளி வேண்டும். ஸ்போர்ட்ஸ் ரகக் கார்கள் பலவற்றில் ஒரு பென்சிலே இறுகி நின்றுவிடும். தளர்ந்த கண்ணி ஒன்று சுழலும் வேகத்தில் பிரேக் ஹோஸில் அடித்து அதைக் கிழித்தால், மலை இறக்கத்தில் என்ன நேரும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வீல் ஆர்ச்சுக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள உடல் வளைவு) டயருக்கும் உள்ள இடைவெளியை மாத்திரம், ஆளும் சாமான்களும் ஏறிய நிலையில் அளக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிய நிலையில் அளந்தால் இல்லாத இடம் இருப்பதுபோல் தெரியும்.

இதை உணர்ந்துதான் இவ்வகைக் கார்களைத் தயாரிப்போர் பலர், கார் எந்த டயரோடு வந்ததோ அந்த டயரில் சங்கிலி கட்டக் கூடாது என்றும், கட்டுவதானால் இன்ன அளவுச் சிறிய டயரைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் கையேட்டிலேயே அச்சிட்டு விடுகிறார்கள். கார் வாங்கியதும் டாஷ்போர்டில் போட்டு மூடிவிடும் அந்தப் புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 225/45 ஆர் 17 டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ.; 205/55 ஆர் 16 டயருக்குச் சுமார் 632 மி.மீ. வேகமானியில் சொல்லத்தக்க மாற்றம் வராது. ஆனால் அகலம் 20 மி.மீ. குறைவதால், ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் அளவு) மாறாதிருந்தால், உட்பக்கத்தில் 10 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் சங்கிலி அலாய் ரிம்மில் ஏறிக் கீறுவதும் குறையும். இதிலும் ஓர் எல்லை உண்டு: வேகக் கார்களின் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் பெரியவை என்பதால், மிகச் சிறிய ரிம் அவற்றின்மேல் உட்காராது. எங்கள் பகுதியில் சிலர் செய்வதுபோல 18 அங்குல அலாய் போட்டு, ஸ்பிரிங்கையும் வெட்டித் தாழ்த்திய காருக்குக் கையேடும் உதவாது. அந்தக் காரில் பனிமலைக்குப் போகவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சங்கிலியிலும் வகைகள் உண்டு. கார்களுக்கான கண்ணிகள் 12, 9, 7 மி.மீ. பருமன்களில் கிடைக்கின்றன, தாழ்வான கார்களுக்கு 7 மி.மீ. வகையைப் பார்க்க வேண்டும். அதற்கும் இடமில்லையென்றால், உட்சுவர்ப் பக்கம் எதுவுமே செல்லாமல் வெளிப்பக்கத்திலிருந்து வீல் நட்டைப் பற்றிக்கொள்ளும் வகை இருக்கிறது, விலை அதிகம். ஆட்டோசாக் போன்ற, டயரின்மேல் மாட்டும் துணி உறைகள் மிகக் குறைந்த இடத்திலும் பொருந்தும், மாட்டுவதும் எளிது. எனினும் பனியில்லாத தார்ச்சாலையில் ஓட்டினால் அவை விரைவில் தேய்ந்துபோகும். செல்லும் இடத்துப் போலீசார் அவற்றைச் சங்கிலியாக ஏற்கிறார்களா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

பனி பழகிய நாட்டிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் உள்ள என் அக்கா மகன், 18 அங்குல டயர் கொண்ட தன் காருக்கு அளவைச் சொல்லிச் சங்கிலி வாங்கினான். அந்த அளவில் சங்கிலியே கூடாது என்று கையேட்டில் இருப்பதைப் பிறகுதான் பார்த்தான். பெட்டியைப் பிரித்துவிட்டதால் விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அங்கே மலைச்சாலைகளில் மூன்று நிலைகளில் கட்டுப்பாடு விதிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில், உரிய பனி டயர் பூட்டிய சில வாகனங்கள் சங்கிலியை உடன் வைத்திருந்தால் போதும், கட்ட வேண்டியதில்லை. மூன்றாம் நிலையில் எவருக்கும் விலக்கு இல்லை. இப்போது அவன் குளிர்காலத்துக்கென 17 அங்குல ரிம்மில் பனி டயர்களைத் தனியாக வைத்திருக்கிறான். செலவுதான், ஆனாலும் அதுவே சரியான வழி.

எந்தச் சக்கரத்தில் கட்டுவது என்பதிலும் தவறு நடக்கிறது. எஞ்சினின் இழுவை எந்தச் சக்கரத்துக்குப் போகிறதோ அதில் கட்ட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ் போன்றவற்றுக்கு முன்சக்கரம். பின்சக்கர இழுவை கொண்ட கார்களுக்குப் பின்சக்கரம். நான்கு சக்கர இழுவையானால் கையேடு சொல்வதுதான் முடிவு. பின்சக்கரத்தில் மட்டும் அகலமான டயர் வரும் கார்களில் இதுவே பெரிய சிக்கல்: கட்ட வேண்டிய இடத்தில்தான் இடம் மிகக் குறைவு. கட்டிய பின் சிறிது தூரம் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும்; மணிக்கு 50 கி.மீ. வேகத்தை எக்காரணத்தாலும் தாண்டக் கூடாது.

காஷ்மீரின் குல்மார்க்கில் பனி கொட்டினால், அதன் அடிவாரத்து ஊரான தங்மார்க்கிலிருந்து மேலே செல்ல நான்கு சக்கர இழுவை அல்லது சங்கிலி இல்லாத வாகனங்களைப் போலீசார் விடுவதில்லை. அங்கே வாடகைக்குச் சங்கிலி கட்டிவிடுவோர் உண்டு. ஏதோ ஓர் அளவுச் சங்கிலியைத் தாழ்வான காரில் கயிறு வைத்து இழுத்துக் கட்ட அனுமதிப்பதைவிட, காரைத் தங்மார்க்கில் நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏறிப் போவது மேல். பயணக் கட்டுரைகளில் டயர் அளவோடு, காரின் கையேட்டையும் உட்பக்க இடைவெளியையும் பார்க்குமாறு இரண்டு வரிகள் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டயர் கடை நடத்தும் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.