அம்மாவுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள ராகவா,

உன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். பட்டாமணி அதை இந்நேரம் அக்கிரகாரம் முழுவதும் பரப்பியிருப்பான். அத்தை மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீடு திரும்பி, ரசத்தில் புளி போதவில்லை என்று என்னைக் கடிந்துகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனாலும் நடந்ததை உனக்கு விரிவாக எழுதியே ஆக வேண்டும். உன் அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே சர்க்கரை நோய்.

அத்தைக்குக் காய்ச்சலே வரவில்லை. காலையிலிருந்து சோர்ந்து கிடந்தவர், என்னை மாமாவின் பெயர் சொல்லி அழைத்தார். மூச்சு வேகமாக வாங்கியது. தெர்மாமீட்டரோ இயல்பான சூட்டையே காட்டியது. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று செப்சிஸ் ஆகியிருந்தது; அதாவது, தொற்றை எதிர்க்க உடல் செய்வதே கட்டுமீறி உறுப்புகளைத் தாக்கும் நிலை.

காலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பது பெரும்பாலும் நம் உடலே செய்வது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, கசிய இடம் கொடுப்பதால்தான் வெள்ளணுக்கள் வெளியேறித் திசுவுக்குள் புகுந்து கிருமிகளை விழுங்க முடிகிறது. நாம் அருவருக்கும் சீழில் பெரும்பகுதி அப்படிப் போராடி மடிந்த அணுக்கள்தாம். 1882இல் மெச்னிக்காஃப் என்ற ரஷ்ய உயிரியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகி, மறுநாள் அணுக்கள் அதைச் சூழ்ந்து மொய்த்திருப்பதைக் கண்டார். இங்கே பரேலில் உள்ள மருத்துவ ஆய்வு நிறுவனம் தாங்கி நிற்பது அவருடைய மாணவர் ஹாஃப்கினின் பெயரைத்தான். 1897இல் இந்த ஊரில் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டு, அவர் காய்ச்சலையும் வலியையும் தாங்கினார். ஊசியில் இருந்தவை கொல்லப்பட்ட கிருமிகள். ஆகவே அந்தக் காய்ச்சல் அவர் உடல் எழுப்பியதே.

முள் குத்திய இடத்தில் நன்மை செய்யும் அதே விரிதலும் கசிதலும் உடல் முழுவதும் ஒருசேர நிகழ்ந்தால், இரத்த அழுத்தம் சரிந்து, மூளையும் சிறுநீரகமும் இரத்தம் போதாமல் தவிக்கின்றன. காய்ச்சலோ, வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்களைக் கொண்டு மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஏற்றிவைக்கும் சூடு. முதுமையில் அந்தத் திறன் மங்குவதால், தொற்று முற்றியிருந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம். சிலருக்குச் சில்லிட்டும் போகலாம். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் 'உடம்பு சுடவில்லையே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே, அம்மா திடீரென்று பேச்சில் தடுமாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போ. ஆன்டிபயாடிக் மருந்தில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஆபத்தைக் கூட்டுகிறது. நீ கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்மாவுடன் இருப்பவள் கோமதிதான். இந்தக் கடிதத்தை அவளையும் படிக்கச் சொல்.

அன்புடன்,
வேணு